ருஷ்ய இலக்கணமும் தமிழ் மாணாக்கனும்

ருஷ்ய மொழியைக் கற்கப் புகும் தமிழன் அநேகமாக ஆங்கிலம் பேசுகிறவனுக்காக எழுதப்பட்ட இலக்கண நூல் ஒன்றைத்தான் கையில் எடுக்கிறான். எடுத்த மாத்திரத்தில் அந்நூலாசிரியருடைய ஆச்சரியங்களையும் சேர்த்தே இரவல் வாங்கிக்கொள்கிறான். இந்த மொழியில் எழுவாய்க்கும் பெயர்ப்பயனிலைக்கும் நடுவே நிகழ்காலத்தில் ஒரு வினையும் வேண்டியதில்லை என்றும், ஒரு பொருளை ‘அந்த’ என்றோ ‘ஒரு’ என்றோ அடையாளமிடும் சிறு சொற்கள் பெயருக்கு முன் கட்டாயமாக வருவதில்லை என்றும், வாக்கியத்தில் சொற்களை முன்னும் பின்னும் மாற்றி வைக்கலாம் என்றும் அந்நூல் எச்சரிக்கும்போது, ‘அவர் ஆசிரியர்’ என்று வாய் திறந்த நாள் முதல் வினையின்றியே சொல்லிப் பழகியவன், ருஷ்யனும் ‘ஓன் உச்சீத்தெல்’ என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொள்வதைப் பார்த்து, ஏதோ விபரீதத்தைக் கண்டவன்போல் விழிக்கிறான். தனக்குச் சொந்தமானதை அந்நியம் என்று எண்ணி அஞ்சுவதும், உண்மையிலேயே அந்நியமானதை இரண்டு பக்கங்களில் கடந்துபோய்விடுவதும் இப்படிக் கற்பதன் பலன். ருஷ்ய இலக்கணத்தைத் தமிழ் இலக்கணத்தின் பக்கத்தில் நேராக வைத்துப் பார்த்தால் கஷ்டங்கள் குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை; கஷ்டங்கள் இடம் மாறும், அது போதும்.

உறவுள்ள பகுதியை முதலில் சொல்லிவிடலாம். குளிர் தாங்காத ருஷ்யன் ‘ம்ன்யே ஹோலத்னா’ என்கிறான். அதாவது, ‘எனக்குக் குளிராக இருக்கிறது’. வயதைச் சொல்லும்போதும் அதே நான்காம் வேற்றுமைதான். பிடித்திருக்கிறது, வேண்டும், சலிப்பாக இருக்கிறது என்று சொல்லும் இடங்களிலெல்லாம் அனுபவிக்கிறவன் எழுவாயாக முன்னே நிற்காமல், நம் ‘கு’ உருபுக்கு நிகரான ஈறேற்று ஒதுங்கியே நிற்கிறான். படுக்கையில் புரளுகிறவன் ‘ம்ன்யே நி ஸ்பீத்ஸா’ என்று முணுமுணுப்பதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி செலவாகிறது. நமக்கோ அது ‘எனக்குத் தூக்கம் வரவில்லை’ என்பதற்குமேல் ஒன்றுமில்லை. உடைமையைச் சொல்லவும் தனி வினையைத் தேடாமல், ‘உ மின்யா க்னீகா’, ‘என்னிடம் புத்தகம்’ என்று இடத்தைக் காட்டியே நிறுத்திவிடுகிறார்கள். சரீரத்தைப் பகுப்பதில்கூட நமக்கும் அவர்களுக்கும் ஒற்றுமை உண்டு: தோள் தொடங்கி விரல்நுனி வரை ‘ருக்கா’ என்ற ஒரே சொல், நம் கையைப்போல, இடுப்புக்குக் கீழே பாதம் வரை ‘நகா’, நம் காலைப்போல, கையில் உள்ளதும் காலில் உள்ளதும் ‘பாலெத்ஸ்’, நம் விரலைப்போல. ஆங்கிலத்தின் வழியாகப் போகிற மாணாக்கன் இவற்றை ஒவ்வொன்றாக இரண்டாக வெட்டி, வெட்டிய துண்டுகளை மறுபடி ஒட்டவைத்து, அந்த வீண் உழைப்புக்குப் படிப்பு என்று பெயரிட்டுக்கொள்கிறான்.

எழுவாயற்ற இந்த வாக்கியங்களைப்பற்றி ஒரு விவாதம் உண்டு. போலந்தில் பிறந்த மொழியியலறிஞர் அன்னா வெஷ்பீத்ஸ்கா, தம் நூல்களில், ருஷ்யத்தில் இவை பெருகியிருப்பதை அச்சமூகத்தின் விதிவாத மனோபாவத்தோடு, மனிதன் தன் வாழ்க்கைக்குத் தானே கர்த்தா அல்லன் என்னும் எண்ணத்தோடு, சேர்த்துப் பேசுகிறார். அவருடைய நுட்பமான பொருளாராய்ச்சியில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இந்த முடிவில் மட்டும் நம்பிக்கை இல்லை. பசியையும் குளிரையும் பயத்தையும் நான்காம் வேற்றுமையில் சொல்லுகிற தமிழன் அந்த ஒரு காரணத்தால் உழைப்பிலோ துணிவிலோ பிறருக்குக் குறைந்தவன் என்று யாரும் நிரூபித்ததில்லை. வேற்றுமையுருபிலிருந்து ஒரு ஜாதியாரின் ஆத்மாவை வடித்தெடுக்கும் சாஸ்திரத்தை ருஷ்யம் பயில்பவன் கொஞ்சம் தள்ளியே வைத்திருப்பது நல்லது.

ஆறு வேற்றுமை என்றவுடன் ஆங்கில நூல்கள் மாணாக்கனைத் தேற்றத் தொடங்கிவிடும். விளியோடு சேர்த்து எட்டைப் பாடம் செய்தவனுக்கு ஆறு ஒரு பாரமாகாது. ருஷ்யத்திலும் முற்காலத்தில் விளி இருந்து, இப்போது ‘போஜெ’, ‘கோஸ்பதி’ என்று கடவுளை அழைப்பது போன்ற இரண்டொரு சொற்களில்தான் தங்கியிருக்கிறது. தொல்லையெல்லாம் உருபின் வடிவத்தில் இருக்கிறது. தமிழில் ‘ஐ’ என்றால் மரத்துக்கும் மனிதனுக்கும், ஒன்றுக்கும் பலவற்றுக்கும் அதே ‘ஐ’. பன்மை வேண்டுமானால் ‘கள்’ தனியே வந்து சேரும், அதன்மேல் உருபு ஏறும். ருஷ்யத்திலோ பால், எண், வேற்றுமை மூன்றும் ஒரே ஈற்றில் பிரிக்க முடியாதபடி கலந்துவிடுகின்றன; ராம சப்தத்தை உருப்போட்டவர்களுக்கு இது பழகிய துன்பம். மேஜை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் நபும்சகம் என்று இருக்கும் ஏற்பாட்டுக்குக் காரணம் கேட்டுப் பயனில்லை; பெரும்பாலான பெயர்கள் தம் ஈற்றெழுத்திலேயே தம் பாலைக் காட்டிவிடுகின்றன என்பது ஒன்றே ஆறுதல்.

செயப்படுபொருள் வேற்றுமையில் மட்டும் தமிழ் மாணாக்கன் சிறிது நின்று பார்க்கவேண்டும். ருஷ்ய ஆண்பாற்பெயர், செயப்படுபொருளாக வரும்போது, உயிருள்ளதானால் ஆறாம் வேற்றுமையின் வடிவத்தைக் கடன் வாங்குகிறது. உயிரற்றதானால் எழுவாயாக இருந்தபடியே இருந்துவிடுகிறது. நாமும் ‘புத்தகம் வாங்கினான்’ என்று உருபை விட்டுவிடுகிறோம். ‘ஆசிரியர் பார்த்தான்’ என்று விட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும் என்பதால் ‘ஆசிரியரைப் பார்த்தான்’ என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே இடத்தில்தான் எச்சரிக்கையாக இருக்கின்றன. கோடு கிழித்த இடம் வேறு. நம்முடைய இலக்கணம் பகுத்தறிவைக் கொண்டு உயர்திணை என்றும் அஃறிணை என்றும் பிரித்தது. அவர்களுடையது உயிரைக் கொண்டு பிரித்தது. ஆகையால் நாயும் குதிரையும் அங்கே மனிதனோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. விசித்திரம் இதற்குமேல்தான் ஆரம்பமாகிறது. இறந்தவனைக் குறிக்கும் ‘மிர்த்வேத்ஸ்’ என்னும் சொல் உயிருள்ள வரிசையைச் சேர்ந்தது. பிணத்தைக் குறிக்கும் ‘த்ரூப்’ உயிரற்றது. முன்னது ஆளை நினைப்பூட்டுகிறது, பின்னது வெறும் உடலை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம்; ஆனால் சதுரங்கக் காய்களும், சீட்டுக்கட்டின் ஏஸும், குழந்தைகளின் பொம்மையும் உயிருள்ளவையாக நடத்தப்படுவதற்கு என்ன சமாதானம் சொல்லுவது? ஆட்டத்தில் வெட்டுண்டு விழும் காய் அந்த இலக்கணத்தின்படி ஒரு பிராணி என்று ஏற்றுக்கொள்வதுதான் வழி.

எண்களைப்பற்றி ஒரு வார்த்தை. இரண்டு, மூன்று, நான்கு என்னும் எண்களுக்குப் பின் பெயர் ஒருமை வடிவில், அதுவும் ஆறாம் வேற்றுமையில் வருகிறது. ஐந்து முதல் பன்மையில் வருகிறது. இது பித்தலாட்டம்போல் தோன்றினாலும் சரித்திர நியாயம் உடையது: சம்ஸ்கிருதத்தைப்போல் பழைய ஸ்லாவியத்திலும் இருமை என்றொரு வசனம் இருந்தது, அது மறைந்தபோது தன் சுவட்டை இரண்டின்மேல் விட்டுச்சென்றது, மூன்றும் நான்கும் பிற்பாடு அதைப் பின்பற்றின. ஆண்டுகளை எண்ணும்போது ஒன்று முதல் நான்கு வரை ‘கோத்’ என்னும் சொல்லும், ஐந்திலிருந்து ‘லேத்’ என்னும் சொல்லும் வருவது வேறு கதை. அந்த இரண்டாவது சொல் கோடைகாலத்தின் பெயரிலிருந்து வந்தது. பனி மூடிய தேசத்தில் வயதைக் கோடைகளால் கணக்கிட்டார்கள். அவர்களுடைய பழைய வரலாற்றேடுகளுக்கும் ‘லேதபிஸ்’ என்றே பெயர்.

இதுவரை சொன்னவை வாசற்படி. ருஷ்ய மொழியின் உள்வீடு வினையில் இருக்கிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு ருஷ்ய வினையும் இரட்டையாகவே அகராதியில் நிற்கிறது. எழுதுதல் என்பதற்கு ‘பிஸாத்’ ஒன்று, ‘நபிஸாத்’ ஒன்று. கணக்கைத் தீர்த்தல் என்பதற்கு ‘ரெஷாத்’ ஒன்று, ‘ரெஷீத்’ ஒன்று. முற்று, எச்சம் என்னும் சொற்கள் நம் இலக்கணத்தில் வேறு வேலை பார்க்கிறபடியால், செயல் நடந்துகொண்டிருப்பதையோ பலமுறை நடப்பதையோ அது நடந்தது என்னும் விஷயத்தையோ காட்டும் முதல் வகையை நடைவினை என்றும், செயல் ஓர் எல்லையை எட்டி நிறைவுற்றதைக் காட்டும் இரண்டாம் வகையை நிறைவினை என்றும் இங்கே வைத்துக்கொள்ளலாம். இறந்தகாலத்திலும் எதிர்காலத்திலும் ஏவலிலும், வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும், நடுநிலைக்கு இடமில்லை. நிறைவினைக்கு நிகழ்காலமே கிடையாது. நடந்துகொண்டிருக்கும் செயல் நிறைவுற்றிருக்க முடியாதல்லவா? ஆகையால் அதன் நிகழ்கால வடிவம் எதிர்காலப் பொருளைத் தருகிறது. ‘ரெஷால், நோ நி ரெஷீல்’ என்று ருஷ்ய ஆசிரியர் ஒரு மாணவனைப்பற்றிச் சொன்னால், ஒரே தாதுவின் இரண்டு இறந்தகாலங்கள் ஒன்றையொன்று மறுப்பதுபோல் ஆங்கிலம் வழியாகக் கற்றவனுக்குத் தோன்றும். ‘கணக்கைப் போட்டுப் பார்த்தான், விடை வரவில்லை’ என்பதே அதன் சாரம்.

மாஸ்கோவில் பிறந்த மொழியியல் மேதை ரோமன் யாகப்ஸன், 1959-இல் மொழிபெயர்ப்பைக் குறித்து எழுதிய பிரசித்தமான கட்டுரையில், மொழிகளுக்குள் உள்ள சாரமான வேற்றுமை அவை எதைச் சொல்ல முடியும் என்பதில் இல்லை, எதைச் சொல்லாமல் விட முடியாது என்பதில்தான் இருக்கிறது என்று விளக்கினார். ஒரு வேலையாளை அமர்த்தினேன் என்னும் சிறு செய்தியை அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். ருஷ்யத்தில் அதைச் சொல்ல வாய் திறப்பவன், அமர்த்தும் காரியம் முடிந்ததா இல்லையா, அமர்ந்த ஆள் ஆணா பெண்ணா என்பதையெல்லாம் கேட்பவன் கேளாமலே தெரிவித்துவிடுகிறான். தமிழனும் இப்படிப்பட்ட நிர்ப்பந்தங்களை அறிந்தவன்தான். ‘வந்தான்’, ‘வந்தார்’ என்று மரியாதையைத் தீர்மானிக்காமல் மூன்றாம் மனிதர் ஒருவரைப்பற்றி ஒரு வாக்கியம்கூட அவனால் முடிக்க இயலாது. ருஷ்ய இறந்தகால வினை ஆதியில் ஒரு பெயரெச்ச வடிவமாக இருந்தமையால், இன்றும் அது தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடத்தைக் காட்டாமல் பாலையே காட்டுகிறது. ‘நான் சொன்னேன்’ என்று எழுதும் பெண் தான் பெண் என்பதை அந்த வினையிலேயே வெளியிட்டுவிடுகிறாள். கவி சினயீதா கிப்பியுஸ் தம் கவிதைகளில் தன்னை ஆண்பால் வினையால் குறித்து எழுதியது அக்காலத்து ருஷ்ய வாசகர்களின் கண்ணில் உடனே பட்டது. அக்கவிதைகள் தமிழுக்கு வரும்போது அந்தத் துணிவு சுவடின்றி மறைந்துவிடும், ஏனென்றால் நம் ‘சொன்னேன்’ ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது.

இனி, வினையின் இந்த இரட்டைத் தன்மை தமிழனுக்கு முற்றிலும் அந்நியமா என்றால், அப்படியும் சொல்வதற்கில்லை. நம்மிடம் இதற்கு வேர்கள் இருக்கின்றன. ‘டாக்டர் வந்திருந்தார்’ என்றால் வந்து போய்விட்டார் என்று பொருள். ‘டாக்டர் வந்திருக்கிறார்’ என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். ருஷ்யர் முன்னதை நடைவினையால், ‘ப்ரிஹதீல்’ என்றும், பின்னதை நிறைவினையால், ‘ப்ரிஷோல்’ என்றும் சொல்வார்கள். ‘ஜன்னலைத் திறந்தாயா?’ என்று நடைவினையில் கேட்டால், திறந்த ஜன்னல் மறுபடி மூடியிருக்கிறது, ஆனாலும் அறையில் குளிர் தங்கியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எதிர்மறை ஏவலில் ஒற்றுமை இன்னும் வியப்பானது. பேசாதீர்கள், தொடாதீர்கள் என்று வேண்டுமென்றே செய்யும் செயலைத் தடுக்கும்போது ருஷ்யன் நடைவினையைப் பயன்படுத்துகிறான். கைதவறி நடக்கக்கூடிய ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும்போதோ நிறைவினைக்குத் தாவுகிறான். ‘விழுந்துவிடாதீர்கள்’, ‘மறந்துவிடாதீர்கள்’ என்று நாம் ‘விடு’ என்னும் துணைவினையைக் கொண்டு செய்வதும் இதே காரியம். ‘விடு’வின் தொழிலைத் தமிழ் இலக்கணத்தில் ஊன்றிக் கவனித்த மாணாக்கன், ருஷ்ய நிறைவினையின் வாசலுக்குப் பாதி தூரம் வந்துவிட்டான். மீதிப் பாதி கடினமானது: நமக்கு ‘விடு’ விருப்பம், அவர்களுக்கு அது கட்டாயம், ‘படித்தேன்’ என்று சொல்லி அமைதியாக இருக்கும் உரிமையை அந்த மொழி யாருக்கும் கொடுப்பதில்லை. ‘போரும் அமைதியும்’ படித்திருக்கிறீர்களா என்று அனுபவத்தைக் கேட்கும்போது நடைவினை. வகுப்பில் கொடுத்த பாடத்தைப் படித்து முடித்தாயா என்று கேட்கும்போது நிறைவினை. விருந்தாளியை உட்காரச் சொல்லும்போது நடைவினை இனிமையாக ஒலிக்கும், நிறைவினை உத்தரவுபோல் ஒலிக்கும்; ஆனால் வழியில் ஒருவரை நிறுத்தி ‘தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று கேட்கும்போது நிறைவினைதான் மரியாதை. இவ்விடத்தில் விதிகள் ஓரளவுக்கே வழிகாட்டும். அப்பால் செக்கோவின் கதைகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் எப்படி உபசரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பதைத் தவிர உபாயம் இல்லை.

நிறைவைக் காட்டும் முன்னொட்டுகளோ தனிப் பிரபஞ்சம். ‘பிஸாத்’ என்னும் எழுதுதலோடு ஒரு முன்னொட்டுச் சேர்ந்தால் குறித்துக்கொள்ளுதல், இன்னொன்று சேர்ந்தால் பிரதிசெய்தல், மற்றொன்றில் கையெழுத்திடுதல், வேறொன்றில் வருணித்தல், பிறிதொன்றில் ஒருவர்மேல் ஒரு கருத்தைச் சுமத்துதல், இன்னும் ஒன்றில் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் என்று பொருள் விரிந்துகொண்டே போகிறது. ‘கிரு’ என்னும் ஒரே தாதுவிலிருந்து உபகாரம், அபகாரம், விகாரம், அதிகாரம், பிரகாரம் என்று ஒன்றுக்கொன்று எட்டாத சொற்கள் பிறந்து, அவையெல்லாம் நம் வாயிலும் வழங்குவதை எண்ணிப்பார்ப்பவன் இந்த வம்சவிருத்தியைக் கண்டு திகைக்கமாட்டான். சம்ஸ்கிருதமும் ருஷ்யமும் ஒரே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தவை. அக்னி அங்கே ‘அகோன்’, விதவை ‘வ்தவா’, நவம் ‘நோவி’. இந்த உறவைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி மாணாக்கனுக்கு வேண்டியதுதான், மயக்கம் வேண்டாம். வேர்ச்சொல் தெரிவதனால் ஒரு வாக்கியமும் பேச வந்துவிடாது.

போதல் வருதல் என்னும் வினைகளில் நம் மொழியும் அவர்கள் மொழியும் வெவ்வேறு விஷயங்களில் கருத்தாக இருக்கின்றன. பேசுகிறவனை நோக்கியா, அவனை விட்டா என்பதே நமக்கு முக்கியம்; நடந்தா வண்டியிலா என்று நாம் கேட்பதில்லை. ருஷ்யனுக்கோ கால்நடையாகப் போவது ‘இத்தி’, வாகனத்தில் போவது ‘யேஹத்’. மேலும், ஒரு திசை நோக்கிப் போவது ஒரு வினை, போய்த் திரும்புவதும் வழக்கமாகப் போய்வருவதும் மற்றொரு வினை. நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவன் ‘ஹதீல்’ என்பான், நாம் ‘போய்வந்தேன்’ என்பதுபோல. வீட்டில் இல்லாதவனைப்பற்றி விசாரித்தால் ‘பஷோல்’ என்பார்கள், புறப்பட்டுப் போயிருக்கிறான் என்று.

இந்த ‘பஷோல்’ இறந்தகாலம். ஆயினும் நண்பர் வீட்டில் தேநீர் அருந்தி முடித்து எழுந்திருக்கிறவனும் ‘நு, யா பஷோல்’ என்கிறான்; வாசற்படியைக்கூட அவன் இன்னும் தாண்டவில்லை. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியை விட்டுக் கிளம்பும் தருணத்தில் சொன்ன ‘பயேஹலி’ என்னும் ஒற்றைச் சொல் உலகமெங்கும் பரவிற்று. ‘புறப்படுவோம்’ என்று அதை எல்லோரும் சரியாகவே மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் வடிவத்தில் அது நிறைவினையின் இறந்தகாலப் பன்மை. செயல் இன்னும் நடக்கவில்லை, நடந்துவிட்டதாகவே பேச்சு அதைப் பாவிக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் இதை ஒரு விதிவிலக்காக அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்கள். தமிழ் மாணாக்கனுக்கு அடிக்குறிப்புத் தேவையில்லை. உணவு உண்டுகொண்டிருப்பவனைப் புறப்படுமாறு அழைத்தால், அவன் ‘உண்டேன், வந்தேன்’ என்று விடை கூறுவது விரைவு பற்றி வந்த கால வழுவமைதி என்று நம் இலக்கண உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார்கள்; ஹோட்டலில் ‘இதோ வந்துட்டேன்’ என்று குரல்கொடுத்தபடி உள்ளே மறையும் பரிமாறுகிறவரும் அந்தச் சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கிறார்.

சொல்லைத் தேர்வதைப்பற்றி இனிப் பேசலாம். ருஷ்ய மொழிக்கென்று முதன்முதல் அச்சேறிய இலக்கணம் ருஷ்யாவில் தோன்றவில்லை. ஹைன்ரிஷ் லுதோல்ஃப் என்னும் ஜெர்மானியர் லத்தீனில் எழுதி 1696-இல் ஆக்ஸ்போர்டில் வெளியானது. பேசுவது ருஷ்யத்தில், எழுதுவது ஸ்லாவோனியத்தில் என்பதே அந்நாட்டாரின் கொள்கை என்று அவர் அதில் குறித்திருக்கிறார். திருச்சபையின் ஸ்லாவோனிய மொழி தெற்கிலிருந்து சமயநூல்களோடு வந்தது. மக்கள் பேசியது வடகிழக்கின் பேச்சு. இரண்டும் உடன்பிறப்புகளாகையால் ஒரே சொல் இரண்டு உடைகளில் வழங்கலாயிற்று. நகரம் பேச்சில் ‘கோரத்’, ஏட்டில் ‘க்ராத்’. தலை பேச்சில் ‘கலவா’, ஏட்டில் ‘க்லவா’. பொன் ‘ஸோலதா’, ‘ஸ்லாதா’. செம்படவக் குடும்பத்தில் பிறந்து, ஸ்மொத்ரீத்ஸ்கி 1619-இல் வெளியிட்ட ஸ்லாவோனிய இலக்கணத்தைத் தம் கல்வியின் வாயில்களில் ஒன்றென்று போற்றிய மிகயீல் லொமனோசோவ், 1755-இல் எழுதி 1757-இல் அச்சில் வந்த தம் ருஷ்ய இலக்கணத்தாலும், அதற்கு அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையொன்றாலும் இந்தக் கலப்புக்கு ஓர் ஒழுங்கு கற்பித்தார்: காவியத்துக்கும் துதிப்பாடலுக்கும் உயர்ந்த நடை, நாடகத்துக்கும் நிருபத்துக்கும் இடைப்பட்ட நடை, நகைச்சுவைக்கும் அன்றாடப் பேச்சுக்கும் எளிய நடை என்று மூன்றாக வகுத்து, எந்தச் சொல் எதற்குரியது என்று வரையறுத்தார். பிறகு புஷ்கின் வந்து, வரம்புகளை அழிக்காமலே, ஒரே வாக்கியத்தில் இரண்டையும் பழகவிட்டார்.

இன்று அந்த இரட்டைச் சொற்கள் பொருளைத் தங்களுக்குள் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டன. ‘கலவா’ உடம்பில் உள்ள தலை, ‘க்லவா’ நூலின் அத்தியாயம் அல்லது ஸ்தாபனத்தின் தலைவர். ‘கோரத்’திலிருந்து வந்த ‘கரஜானின்’ நகரவாசி. ‘க்ராத்’திலிருந்து வந்த ‘க்ரஜ்தனீன்’ நாட்டின் பிரஜை. ‘ஸ்தரனா’ பக்கம், ‘ஸ்த்ரனா’ தேசம். ‘போரஹ்’ வெடிமருந்து, ‘ப்ராஹ்’ மனிதன் முடிவில் ஆகும் புழுதி. பாதுகாத்தல் ‘ஹ்ரனீத்’, புதைத்தல் ‘ஹரனீத்’. ஓர் உயிரெழுத்து நடுவில் வந்து நுழைவதனால் உண்டாகும் இந்த வேறுபாட்டை அகராதி சொல்லும், ஆனால் எந்த இடத்தில் எது பொருந்தும் என்னும் விவேகத்தை அகராதி தராது. இந்த விவேகம் நமக்குப் பழக்கமில்லாததன்று. அக்னி சாட்சியாகக் கல்யாணம் நடக்கிறது. நெருப்புச் சாட்சியாக என்று அழைப்பிதழில் யாரும் அச்சிடுவதில்லை. தலைகீழாக நிற்கும் ஆசனத்தைச் சிரசாசனம் என்கிறோம். தலைவலியைச் சிரசுவலி என்று சொன்னால் மருத்துவரே சிரித்துவிடுவார். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு: நமக்கு உயர்நடைச் சொல் வேறு மொழிக்குடும்பத்திலிருந்து வந்தது, அவர்களுக்கு உடன்பிறந்த மொழியிலிருந்து, அதனால் நம்மிடையே மூண்ட சொற்சண்டைகளின் உக்கிரம் அவர்களிடையே அதே அளவில் மூளவில்லை.

இவ்வகையில் மாணாக்கனுக்கு உற்ற துணைவர் விளதீமிர் தால். தொழிலால் மருத்துவர், 1837-இல் புஷ்கினின் மரணப்படுக்கையருகே இருந்தவர். 1863 முதல் 1866 வரை நான்கு பாகங்களாக வெளியிட்ட அவருடைய அகராதியில் ஏறக்குறைய இரண்டு லட்சம் சொற்கள் இருக்கின்றன. கிராமத்தானின் பேச்சும் பழமொழிகளும் நிறைந்த அந்த நூலில் சொற்கள் தனித்தனியே அகரவரிசையில் சிதறிக் கிடக்காமல், ஒரே வேரிலிருந்து பிறந்தவை ஒரே கூட்டில் அடங்கியிருக்கின்றன. தொடக்கநிலையில் அதை யாரும் திறக்கவேண்டாம்; ஆயினும் சொற்களைக் கூடுகூடாகக் கற்கும் முறையை அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒலியைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் மேலே தமிழெழுத்தில் தந்திருக்கும் வடிவங்கள் காதில் விழுவதை ஒட்டியவை. அழுத்தம் பெறாத ஒகரம் ருஷ்ய வாயில் அகரமாக ஒலிக்கும். அழுத்தம் எந்த அசையில் விழும் என்பதற்குப் பொதுவிதி இல்லை, அச்சிட்ட நூல்களில் குறியும் இல்லை. ஒரே எழுத்துக்கூட்டலை முன்னசையில் அழுத்திச் சொன்னால் வேதனை, பின்னசையில் அழுத்திச் சொன்னால் மாவு. இதில் தமிழ் ஓர் உதவியும் செய்யாது. மெய்யெழுத்துகளை மென்மைப்படுத்தி உச்சரிப்பதிலும் அப்படியே. ‘ப்ராத்’ என்பதன் ஈற்று மெய்யை வன்மையாக விட்டால் சகோதரன், மென்மையாக்கினால் எடுத்துக்கொள்ளுதல்.

மரியாதையின் இலக்கணம் தனியாகக் கற்பிக்கவேண்டியதில்லை. நீ, நீங்கள் என்பதற்கு நிகராக ‘தி’, ‘வி’ இருக்கின்றன. பெரியவரை அவருடைய பெயரோடு தந்தையின் பெயரையும் சேர்த்து ‘இவான் பெத்ரோவிச்’ என்று அழைப்பது மரபு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தன் பெயருக்கு முன் ஆயுள் முழுவதும் சுமக்கும் தமிழனுக்கு இதில் வியப்பில்லை. நாவலில் ஒரே ஆள் தாய்க்கு ஒரு பெயராகவும் அதிகாரிக்கு ஒரு பெயராகவும் காதலிக்கு ஒரு பெயராகவும் வருவதுதான் சற்றே குழப்பும்.

நம் மொழியை அவர்கள் கற்ற கதையும் ஒன்று உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் சில ஆண்டுகள் தங்கிச் சென்ற அலெக்ஸாந்தர் மேர்வார்த், 1929-இல் லெனின்கிராதில் பேச்சுத்தமிழுக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். 1960-இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ் ருஷ்ய அகராதி மாஸ்கோவில் வெளிவந்தது. 1965-இல் அந்திரோனோவும் அவருடைய துணைவர் இருவரும் தொகுத்த ருஷ்ய தமிழ் அகராதி வந்தது. தமிழை அவர்கள் ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிக்க எண்ணவில்லை. தம் மாணாக்கனுக்குத் தம் மொழியிலேயே எழுதினார்கள். நம்மவரிலும் மாஸ்கோவில் ஆண்டுக்கணக்கில் தங்கி ருஷ்ய நாவல்களைத் தமிழாக்கிய பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா, நா. தர்மராஜன் போன்றவர்கள் இருந்தார்கள். இங்கே நான் தொட்டுக்காட்டிய சங்கடங்களையெல்லாம் அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் தீர்த்திருக்கவேண்டும். அந்தத் தீர்வுகள் அவர்களுடைய மொழிபெயர்ப்புகளுக்குள்ளேயே கிடக்கின்றன.

ருஷ்யம் நன்கறிந்த தமிழர் எவரேனும் அவற்றை வெளியே எடுத்து ஒரு கைந்நூலாகத் தரவேண்டும். பெரிய நூல் வேண்டாம். அன்றாடம் வழங்கும் வினை இரட்டைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘வந்திருந்தார்’, ‘வந்திருக்கிறார்’ என்பது போன்ற தமிழ் வாக்கியங்களை நிறுத்தினால் போதும். வேற்றுமை அட்டவணைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவை ஆங்கில நூல்களிலேயே வேண்டிய மட்டும் இருக்கின்றன.